கையில் எடுக்காத கால்

கொடியில் நாலு சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

காலைக் காப்பியோடு பால்கனிக்கு வந்த சிதம்பரநாதன் அப்படியே நின்றுவிட்டார். நாலும் ஒரே நிறம், முழங்கால் வரை ஏறுகிற தடித்த சாக்ஸ். மருமகள் தீபிகா நேற்றுப் பயிற்சிக்குப் போனதோ ஒரே ஒரு முறை. ஐம்பது வருஷமாகக் காலணிக் கடையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு காலில் இரண்டு சாக்ஸ் மாட்டுகிறவர், பெரிய ஷூவுக்குள் காலை வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் அவதிப்படுகிறவர்.

அந்த ஷூவுக்கு அளவு சொன்னவர் அவர்தான்.

பாண்டி பஜாரில் ‘தென்பாண்டி ஷூ மார்ட்’ என்றால் ஒரு பெயர் உண்டு. கல்லாவுக்கு மேலே அவருடைய அப்பா எழுதி மாட்டிய பலகை இன்னும் தொங்குகிறது: ‘அளவு தப்பினால் முதலாளி தம் கையாலேயே மாற்றி மாட்டிவிடுவார்.’ சிதம்பரநாதன் பொறுப்பேற்ற பிறகு அந்தப் பலகைக்கு வேலை வந்ததே இல்லை. “எப்பவாவது தப்பியிருக்கா சார்?” என்று கேட்கிறவர்களுக்கு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “இல்லை” என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்.

தீபிகா கல்யாணமாகி வந்தபோதே ஸ்கேட்டிங் ஹாக்கி ஆடுகிறவள்தான். முதலில் சக்கரத்தில் ஆடினாள், பிறகு பனித்தளத்துக்கு மாறினாள். மாநில அணியில் தடுப்பாட்டக்காரி. இந்த வியாழக்கிழமை தேசிய முகாமுக்கான தேர்வுக்காக டேராடூன் போகிறாள். “மருமக மட்டையும் கையுமா ஊர் ஊரா போறாளாமே?” என்று சொந்தத்தில் இழுத்தவர்களிடம், “ஆமா, எங்க வீட்டு மருமகதான். வேற யாரு வீட்டுல இருக்கா, சொல்லு பாப்போம்” என்று திருப்பிக் கேட்டவர் சிதம்பரநாதன்.

கனடாவிலிருந்து தங்கை மகன் விஜயராகவன் வருவதாக இருந்தது. நல்ல ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸ் வாங்கி வருகிறேன், அளவு சொல்லுங்கள் என்றான். தீபிகா வாயைத் திறப்பதற்குள் போனை வாங்கிக்கொண்டவர் இவர். “எங்க வீட்டுக் காலுக்கு நான் சொல்லாம யாரு அளவு சொல்லுவா? ஏழு. எழுதிக்கோ.” அவனும் ஏழிலேயே வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கடையில் யார் வந்தாலும் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, வந்தவர் பாதத்தைத் தன் முழங்கால்மேல் எடுத்து வைத்து, கட்டைவிரலால் எலும்பைத் தடவிப் பார்த்துத்தான் அளவு சொல்வார். ஆனால் வீட்டில் மருமகள் காலை மாமனார் எப்படித் தொடுவது? அவள் கூசிப்போவாள். வீடும் ஒப்பாது. அதனால் வாசலில் கழற்றிக் கிடந்த அவளுடைய ஓட்டப் பயிற்சி ஷூவை எடுத்து, உள்ளே பதிந்திருந்த தடத்தைப் பார்த்தார். ஆறு. குளிர் பிரதேசம், தடித்த சாக்ஸ், கட்டைவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம். எல்லாம் கூட்டி ஏழு.

“தீபிகா, இங்க வாம்மா.”

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அவர் கொடியைக் காட்டினார்.

“உனக்கு எத்தனை கால்?”

அவள் கொடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கினாள். “ரெண்டுதான் மாமா.”

“அப்ப மீதி ரெண்டு யாருக்கு?”

“சும்மா, குளிருக்கு...”

“மெட்ராஸ்லயா?”

அவளுக்கு அதற்குமேல் பொய் வரவில்லை. “குதிகால் தூக்குது மாமா. திரும்பும்போது ஷூ ஒரு பக்கம் போகுது, கால் ஒரு பக்கம் போகுது. நேத்து ரெண்டு வாட்டி விழுந்தேன். பரவால்ல, இறுக்கிக் கட்டிக்கிறேன். நீங்க பார்த்துச் சொன்ன சைஸ், நான் போய் எப்படி...”

“அதுக்காக விழுந்து எந்திரிப்பியா? இப்படியே போனா முதல் நாளே திருப்பி அனுப்பிருவான்.” கோபம் வந்தால் அவர் பேச்சில் திருநெல்வேலி வந்துவிடும். “என்னத்தப் பிள்ள நெனச்சுக்கிட்டு இருக்க? கிளம்பு. இந்தச் சாமானுக்கு இங்க யாரு இருக்கா?”

ஈக்காட்டுத்தாங்கலில் ஜோயா இருந்தாள். லேத் பட்டறைகளுக்கு நடுவே ஷட்டர் போட்ட ஓர் அறை. சுவர் முழுக்க ஸ்கேட்ஸ், மூலையில் பிளேடு தீட்டும் இயந்திரம், அதன் பக்கத்தில் சின்ன அலமாரி போல் ஓர் அடுப்பு. ஸ்கேட்டிங் ஆடுகிற பிள்ளைகள் எல்லாரும் வருகிற இடம். முப்பது வயதுக்காரி, கையில் கிரீஸ். வெள்ளை வேட்டி சட்டையில் வந்தவரைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

தீபிகா கயிறு கட்டாமல் ஸ்கேட்டை மாட்டி, விரல்நுனி முன்னால் முட்டும்படி காலைத் தள்ளினாள். ஜோயா குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டாள். இரண்டு விரல் தாராளமாக உள்ளே போயிற்று.

“ஒரு வெரலே அதிகம். இது ஊடு மாதிரி கீது, வாடகைக்கு விடலாம்,” என்றாள் ஜோயா. “யாரு இந்த சைஸு சொன்னது?”

“நெட்ல பாத்து நானேதான்...” என்று தீபிகா ஆரம்பித்தாள்.

“நான் சொன்னேன்,” என்றார் சிதம்பரநாதன். குரல் தாழவில்லை. “பாண்டி பஜார் தென்பாண்டி ஷூ மார்ட்.”

ஜோயா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, சார், உங்க கடையா! எங்க வாப்பா அங்கதான் வாங்குவாரு. தப்பா நினைக்காதீங்க. செருப்புன்னா காலு வீங்கும், எடம் உடணும். இதுக்கு உடவே கூடாது. நிமிந்து நின்னா வெரல் நுனி லேசா தொடணும். முட்டிய மடக்கினா தானா பின்னால வரணும். நடக்கிற ஷூவ விட சின்னதாத்தான் எடுக்கணும். இவங்களுக்கு அஞ்சரை.”

“இருக்கா?”

“ரெண்டு ஜோடி கீது. ஒண்ணு சாதா, ஒண்ணு அகலம்.”

சாதா ஜோடி சுண்டுவிரல் பக்கம் கடித்தது. அகல ஜோடியில் விரல்கள் சுகமாக இருந்தன, ஆனால் முட்டியை மடக்கியதும் குதிகால் நூலளவு எழும்பியது. தீபிகா உதட்டைப் பிதுக்கினாள். ஜோயா யோசித்தாள். “அகலத்தையே எடுத்துக்கினு கயித்த இறுக்கிக் கட்டிக்கோ. இன்னா பண்றது, மூணு நாள்தானே கீது.”

இறுக்கிக் கட்டுவது. காலையில் தீபிகா சொன்னதும் அதையேதான். சிதம்பரநாதன் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜோயா உட்காரும் தாழ்வான முக்காலி கண்ணில் பட்டது. இழுத்துப் போட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மருமகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“காலை வை.”

தீபிகா பதறி எழுந்தாள். “மாமா! நீங்க போய் என் காலை... வேண்டாம் மாமா. அத்தைக்குத் தெரிஞ்சா என்னை என்ன நினைப்பாங்க?”

“கடைப் பலகைல என்ன எழுதியிருக்கு?”

“அளவு தப்பினா...”

“தப்பிருச்சு. வை.”

அவள் நின்றாள். முகம் சிவந்தது. அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். “இங்க நான் உன் மாமா இல்ல, கடைக்காரன். நீ மருமக இல்ல, காசு கொடுத்து ஏமாந்த ஆளு. நல்லாத் திட்டவும் திட்டலாம், நான் கேட்டுக்கணும்.”

ஜோயா களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் தீபிகாவும் உட்கார்ந்தாள். சாக்ஸைக் கழற்றி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காலை வைத்தாள்.

அந்தப் பாதம் கைக்கு வந்ததும் சிதம்பரநாதனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. குதிகாலை உள்ளங்கையில் தாங்கினார். ஒல்லி. நடுப்பாதத்தைத் தடவினார். உயரமில்லை. அவருடைய கட்டைவிரல் அவள் சுண்டுவிரலின் அடிமூட்டுக்கு வந்ததும் நின்றது. அங்கே எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மற்ற காலையும் வாங்கிப் பார்த்தார். அதிலும் அதே இடம், இடதில் கொஞ்சம் கூடுதல். இதில் எதையும் வாசலில் கிடந்த ஷூ சொல்லியிருக்க முடியாது. துணி ஷூ, அவள் காலுக்கு வளைந்து கொடுத்திருந்தது.

“ஜோயா, பாதம் அகலம் இல்லம்மா. இந்த ஒரு எலும்புதான் வெளிய நிக்குது. அகலத்த எடுத்தா குதிகால் என்னைக்கும் பிடிக்காது. சாதாவ எடு. இந்த இடத்தை மட்டும் சூடு காட்டி வெளிய தள்ள முடியுமா?”

ஜோயா குனிந்து அவர் விரல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். “தள்ளலாம். பிரஸ்ஸு கீது.” பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நைனா, இது கையா, ஸ்கேனரா?”

“கைதான். ஏழுன்னு சொன்னது வாய்.”

ஜோயா சாக்பீஸால் குறி வைத்து, ஷூவை அடுப்பில் வைத்து இளக்கி, அந்த இடத்தை உள்ளிருந்து கவ்வி அழுத்தினாள். பிறகு சூடு ஆறும் முன்னே கொண்டுவந்தாள். ஒற்றை சாக்ஸ்மேல் சிதம்பரநாதன்தான் மாட்டினார். குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்தார். கயிறு எப்படி இழுக்க வேண்டும் என்று ஜோயா சொல்லச் சொல்ல அவர் கட்டினார். கால் மணி நேரம் தீபிகா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ரப்பர் விரிப்பில் எழுந்து நின்றபோது மாமனாரைவிட ஒரு சாண் உயரம் தெரிந்தாள்.

“விரல்?”

“லேசா தொடுது.”

“மடக்கு.”

மடக்கினாள். “பின்னால வந்துடுச்சு. கடிக்கல.” இடமும் வலமும் சாய்ந்தாள், சட்டென்று ஒரு காலில் திரும்பினாள். “மாமா, குதிகால் அசையவே இல்ல!”

“இன்னிக்கு ஆடாத, ஒரு நாள் ஆறட்டும்,” என்றாள் ஜோயா. “நாளான்னைக்கு ஐஸ்ல எறங்கு. எவ வந்தாலும் மோதித் தள்ளு.”

தீபிகா புதன்கிழமை கொட்டிவாக்கத்துக்கு அப்பாலுள்ள பனித்தளத்தில் இரண்டு மணி நேரம் ஆடினாள். ஒரு முறைகூட விழவில்லை. வியாழக்கிழமை கிளம்பினாள். திங்கட்கிழமை மதியம் கடைக்கு போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல். “எடுத்துட்டாங்க மாமா! முகாமுக்கு எடுத்துட்டாங்க!”

“எடுக்காம? சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர், மேலே பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் கொலுசுக் காலோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மகள் கல்யாணத்துக்குச் செருப்பு வேண்டுமாம். “சைஸ் தப்பாம கொடுப்பீங்கன்னு சொன்னாங்க. இதுவரைக்கும் தப்பினதே இல்லையாமே?”

சிதம்பரநாதன் முக்காலியை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு தடவை தப்பியிருக்கும்மா. எங்க வீட்டு மருமகளுக்கு. கையில எடுக்காமச் சொன்னேன்.” முழங்காலைத் தட்டினார். “காலை இங்க வைங்க.”