குட்டிப் பயணிகளுக்கு எந்தப் பெயின்ட்

"இது பெயின்ட்டா, முகம் கழுவின தண்ணியா? கோட்டு மேல கோட்டா அடிச்சாச்சு, இன்னும் உள்ளே இருக்கற பிளாஸ்டிக் ஈன்னு இளிக்குது!"

"அத்தான், அது காத்தழுத்தத்துல பீச்சற ஏர்பிரஷ்ல ஊத்தி அடிக்கற பெயின்ட். அதைப் பிரஷ்ஷால தடவிட்டு என்னைத் திட்டினா எப்படி?"

"நான் உங்கிட்ட வாங்கிட்டு வரச் சொன்னது பிரஷ் பெயின்ட்!"

"அந்தப் பிரஷ்ஷைத் தூக்கிப் போடணும்னுதான் இதை வாங்கிட்டு வந்தேன். பிளாட்பாரம் முழுக்க ஆளுங்க. ஒவ்வொருத்தனுக்கும் சட்டை, பேன்ட்டு, ஷூன்னு தடவிக்கிட்டிருந்தா உங்க பேரன் வந்துதான் முடிக்கணும்."

"என் பேரன் வர்றதுக்குள்ள நீ இந்த வீட்டைக் காலி பண்ணியிருப்படா மச்சான்!"

நானாகக் காது கொடுக்கவில்லை. அவர்கள் சாப்பாட்டு அறை ஜன்னலும் எங்கள் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே இருக்கின்றன. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கத்தியவர் சலூன்காரர். பதிலுக்குக் கத்தியது அவர் மனைவியின் தம்பி, கார் ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடிப்பவன். உலகத்தில் எதையும் ஸ்ப்ரே அடித்தே சரிசெய்துவிடலாம் என்பது அவன் கட்சி. அக்கா வீட்டில் தங்கிச் சாப்பிடும் அவனுக்கும் அத்தானுக்கும் நடுவே சாப்பாட்டு மேஜை. அதன்மேல் சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் பயணிகள், நிர்வாணமாக.

எதற்கு இந்தக் கூத்து என்றால், எல்லாம் ரயில் கிளப்புக்காக. பேங்க் மாடியில் ஒரு ஹால். நரைத்த மீசைக்காரர்கள் அங்கே கூடி, முழங்கை நீள ரயிலை மேஜை மேல் ஓடவிட்டு, 'சிக்னல், சிக்னல்' என்று கத்துவார்கள். அத்தனை பேருக்கும் முடிவெட்டுவது நம் சலூன்காரர்தான். நாற்காலியில் உட்கார்ந்து ரயில் கதையாகப் பேசுவார்கள். ஒருத்தர்கூட 'நீங்களும் வாங்களேன்' என்றதில்லை.

"கழுத்தை நம்பி என் கத்திக்குக் கொடுக்கறாங்க. ரயிலைக் கொடுக்க மட்டும் மனசு வரலை" என்று மனைவியிடம் அவர் புலம்பியதைக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

இப்போது கிளப்பில் ஓர் இடம் காலி. பயணிகளோடு ஒரு குட்டி ரயில்வே பிளாட்பாரம் செய்து காட்ட வேண்டும். செயலாளர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பார்ப்பார். பிடித்தால் இடம், இல்லாவிட்டால் இல்லை. அந்தச் செயலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சாப்பிடும் தட்டைக்கூட லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஆள்.

மறுநாள் மச்சான் மறுபடியும் பெயின்ட் வாங்கப் போனான். நானும் அந்தப் பக்கம் பொத்தான் வாங்கப் போயிருந்தேன். பொத்தான் கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

குட்டி வீடு, குட்டி விமானம், குட்டி ராணுவம் என்று விற்கும் கடை அது. கடைக்காரப் பெண் நிதானமாக விளக்கினாள்.

"இங்க பாருங்க. கெட்டியா இருக்கறது பிரஷ்ஷுக்கு. அதையும் அப்படியே அப்பக்கூடாது. துளி தண்ணி சேர்த்து, மெலிசா ரெண்டு தடவை பூசணும். இந்தச் சொட்டு பாட்டில் ஏர்பிரஷ்ஷுக்கு. பால் மாதிரி ஓடும். நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க. கெட்டிப் பெயின்ட்டை ஏர்பிரஷ்ல ஊத்தினா அதோட மூக்கு அடைச்சுக்கும். புரியுதா?"

"ம்."

"முக்கியமா, உங்க ஒர்க்‌ஷாப் தின்னரை இந்தப் பக்கமே கொண்டுவராதீங்க. இது பிளாஸ்டிக்கு, கரைஞ்சுடும்."

"ம்ம்."

மச்சானின் தலை ஆடியது. கண் மட்டும் அவள் மூக்கு நுனியில் ஒட்டியிருந்த நீலப் பெயின்ட் புள்ளியை விட்டு அசையவில்லை. காதில் ஒரு சொல் ஏறியிருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

ஏறவில்லை என்பது சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போனவன் கெட்டிப் பெயின்ட்டை எடுத்து ஏர்பிரஷ்ஷில் ஊற்றினான். அது இருமியது, தும்மியது, அப்புறம் அடைத்துக்கொண்டது. அதன் ஊசியைப் பிடுங்கிக் காற்றை முழுசாகத் திறந்தான். உள்ளே இருந்த அத்தனை நீலமும் ஜன்னல் திரைக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஏன்டா, திரைக்கு எது நல்லது? பிரஷ்ஷா, ஏர்பிரஷ்ஷா?" என்றாள் அக்கா, கரண்டியோடு.

"துவைச்சா போயிடும்க்கா."

"நீ போவியா?"

அத்தானுக்குத் திரையைப் பற்றிக் கவலையில்லை. அவர் கெட்டிப் பெயின்ட்டை அப்படியே பூசிப் பூசித் தடித்துப்போன பயணிகளுக்குக் கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. பலகாரத்தை மாவில் முக்கியதுபோல நின்றார்கள்.

"பழைய பெயின்ட்டை உரிக்கணும், அவ்வளவுதானே? அது என் தொழில் அத்தான். ஒரு கார் கதவையே பச்சைக் குழந்தை மாதிரி ஆக்கிடுவேன்" என்று ஒர்க்‌ஷாப் தின்னரைக் கிண்ணத்தில் ஊற்றிப் பயணிகளை மொத்தமாக முக்கினான். அத்தான் சவரப் பிரஷ்ஷால் முதுகு தேய்த்துவிட்டார். பெயின்ட் போனது, கூடவே எலும்பும் போனது. எடுத்து நிறுத்தினால் ஒருத்தனும் நிற்கவில்லை. முட்டி மடங்கியது, கழுத்து தொங்கியது.

"ஐயையோ, காயவைச்சா இறுகிடும்!" என்று அத்தான் சலூனில் முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து சூடாகக் காற்றைப் பிடித்தார். பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவன் தோளில் சாய்ந்தார்கள். பொம்மைப் போலீஸ்காரர் ஒருவர் பக்கத்துப் பயணப் பெட்டியின் மேல் கவிழ்ந்தே விட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானாலும் ஒரு குரங்காவது மிஞ்சும். இங்கே மிஞ்சியது உருகிய மெழுகுவத்திகள்.

"என் கிளப்பு போச்சு" என்று சலூன்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தவில்லை. அவர் கத்தாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அதைப் பார்த்துத்தான் மச்சானுக்கு முதல் தடவையாகக் கடைக்காரியின் சொல் ஒன்றிரண்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சொட்டு பாட்டிலைக் குலுக்கி, ஏர்பிரஷ்ஷைக் கழுவி, பால் போன்ற அந்தப் பெயின்ட்டைக் கோட்டுகளுக்கும் பேன்ட்டுகளுக்கும் மெல்ல அடித்தான். "முகத்துக்கு நீங்கதான் அத்தான். எனக்கு அவ்வளவு சின்ன இடத்துல வராது" என்றான். கெட்டிப் பெயின்ட்டில் துளி தண்ணீர் சேர்த்து, தொங்கிய முகங்களுக்கு அத்தான் கண்ணும் மீசையும் வரைந்தார். வேறு ஆட்களை வாங்க நேரமில்லை. இருப்பவர்களையாவது மானமாக உடுத்தி அனுப்புவோம் என்று நினைத்தார்கள்போல.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர்களிடம் இரவல் வாங்கிய வடிகட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஞாபகம் வந்தது. போனால், பூதக்கண்ணாடி மேஜைமேல் குனிந்திருக்கிறார். பின்னாலேயே பொம்மைக் கடைக்காரியும் வந்து நின்றாள், யாரோ வார்னிஷ் கேட்டு போன் செய்தார்களாம். யார் என்று மச்சானின் காதைப் பார்த்தாலே தெரிந்தது, அப்படிச் சிவந்திருந்தது.

லென்ஸ் போலீஸ்காரர் முதுகில் நின்றது. தோளில் சாய்ந்தவர்களிடம் நகர்ந்தது.

"எவ்வளவு நேரம் லேட்டு?" என்றார் பூதக்கண்ணாடி.

"எதுங்க?" என்றார் சலூன்காரர்.

"ரயில்."

"காலையிலேருந்தே வரலைங்க! பாவம், டீ கூட யாரும் குடிக்கலை" என்றாள் அக்கா சட்டென்று. அவள் மூளைக்குத்தான் கிளப்பில் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

பூதக்கண்ணாடி நிமிர்ந்தார். "எங்க பிளாட்பாரத்துல எல்லாரும் போட்டோவுக்கு நிக்கற மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. உங்க ஆளுங்கதான் நிஜமா காத்துக்கிட்டு இருக்காங்க. முதுகு இப்படி வளையறதுக்கு என்ன பண்ணினீங்க?"

மச்சான் வாயைத் திறந்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

"பல வருஷமா குனிஞ்ச தலைகளையே பார்க்கறேன்ங்க. அதான்" என்றார் சலூன்காரர். பொய் இல்லையே!

கடைக்காரி மட்டும் மோப்பம் பிடித்தாள். "தின்னர்ல முக்கினீங்களா?" என்று மச்சானிடம் மெல்லக் கேட்டாள். எனக்குக் கேட்கும் அளவுக்கு மெல்ல.

"கொஞ்சம்."

"வேணாம்னு சொன்னேனே! காதுல விழலையா?"

"நீங்க பேசும்போது எனக்கு எதுவும் விழறதில்லைங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்னிஷுக்குக் காசு வாங்க மறந்தே போய்விட்டாள்.

சலூன்காரருக்கு இடம் கிடைத்தது. மற்ற உறுப்பினர்கள் முதுகு வளைக்கும் ரகசியத்தை முடிவெட்டும்போது நச்சரிப்பார்கள். "தலையை ஆட்டாதீங்க" என்று வாயை அடைத்துவிடுவார். அக்காவுக்கு மேஜை திரும்பி வந்தது, நீலத் திரையோடு.

மச்சானும் கடைக்காரியும் கல்யாணம் செய்துகொண்டு கடைக்கு மேல் இருக்கும் போர்ஷனுக்குக் குடிபோனார்கள். பரிசாக அத்தான் ஒரு குட்டி ஜோடி செய்து பிளாட்பாரத்தில் நிறுத்தினார். கடைக்காரி பக்கத்திலேயே நின்று பெயின்ட் எடுத்துக் கொடுத்ததால் அந்த இருவர் மட்டும் அங்கே நிமிர்ந்து நிற்கிறார்கள்.

"கல்யாணம் ஆயிருக்குல்ல, தின்னர் இல்லாமலே வளைஞ்சிடுவாங்க" என்கிறாள் அக்கா.

பூதக்கண்ணாடி போன மாதம் மகன் வீட்டுக்கே போய்விட்டார், வேறு ஊருக்கு. போகும்போது அந்தக் கவிழ்ந்த போலீஸ்காரரைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மச்சானும் இல்லாததால் இப்போது அந்த எதிர் ஜன்னல் சத்தமே இல்லாமல் கிடக்கிறது. வடிகட்டியை மறுபடியும் இரவல் வாங்கி வந்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்கப் போக வேண்டுமே.