ஒன்பது "நாங்கள்"

மகள் டீகனின் வேலை விண்ணப்பத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலம் கட்டும் நிறுவனம். நான்கு வருடம் அங்கேயே வேலை, சம்பளம், முடிவில் பொறியியல் பட்டம். இருப்பதே இரண்டு இடம். ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது, இப்போது நாலேகால். இவளோ, "நீங்கள் தனியாகச் சமாளித்த நெருக்கடி எது?" என்ற கேள்விக்கு ஒன்பது இடத்தில் "நாங்கள்" போட்டிருக்கிறாள்.

"நீ வேல பாக்குற மீன் வறுவல் கடையில எண்ணெய் புகைஞ்சப்போ யாரு அடுப்ப அணைச்சது?"

"நாந்தான்பா."

"ஆளுங்கள வெளிய அனுப்புனது?"

"நாந்தான். எழுதுனா பீத்திக்கிற மாதிரி இருக்குமேப்பா."

எங்கள் ராதர்ஹாம் ஊர்க்காரர்களோடு இதுதான் தொல்லை. மழை பெய்தால்கூட மன்னிப்புக் கேட்போம். "நான்" என்று சொல்ல மட்டும் வாய் கூசும்.

நானே கணினி முன் உட்கார்ந்து எல்லா "நாங்கள்"களையும் ஒரே தட்டில் "நான்" ஆக்கினேன். மனைவி லொரெய்ன் தேநீரோடு வந்து உரக்கப் படித்தாள்.

"'நான் மூன்று பேரும் விலகி நின்றோம்.' ஏன் கிரெய்க், உனக்கு மூளை கலங்கிடுச்சா?"

டீகனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு என்னை நகரச் சொன்னாள். "நடந்தத அப்படியே எழுதுறேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

"எனக்கென்ன கோவம்?"

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படிக்கக் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை வியாபாரம் கெடும் என்று முதலாளி கத்தியும் அடுப்பை அணைத்தேன். பதினான்கு பேரை வெளியேறச் சொன்னேன். பதின்மூன்று பேர் போனார்கள். ஒருவர் மட்டும், நாற்பது நிமிடம் வரிசையில் நின்றேன், மீன் வாங்காமல் நகர மாட்டேன் என்று சண்டை போட்டார். அவர் என் அப்பா. காலரைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டேன்."

லொரெய்ன் என்னைப் பார்த்தாள். "கடைய சீக்கிரமே மூடிட்டாங்கன்னுதானே எங்கிட்ட சொன்ன?"

என் முகம் சுட்டது. இத்தனை நேரம் அந்த "நாங்கள்" காப்பாற்றியது என் மானத்தைத்தான்.

"'ஒரு வாடிக்கையாளர்'னு மாத்திடவாப்பா?"

வெட்கத்தைவிடப் பெருமை ஒரு படி அதிகமாகவே இருந்தது. "அப்படியே அனுப்பு" என்றேன்.

நேர்முகத் தேர்வுக்கு ஷெஃபீல்டு வரை நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஏறி உட்கார்ந்தாள். அங்கே முதல் கேள்வியே, "உங்கப்பா இப்ப எங்க?"

"நீ என்ன சொன்ன?"

"வெளியே கார்ல இருக்காரு, இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்னேன். செப்டம்பர்ல வேலைக்கு வரச் சொல்லிட்டாங்கப்பா."