குனிந்து பார்த்த மரம்

ஒரே மரத்துக்கு இரண்டு உயரம் இருக்குமா? எழுபத்தெட்டாம் வருஷம் எங்கள் வீட்டுக்கு மேலே நின்ற யூகலிப்டஸ் மரத்துக்கு இருந்தது.

மலையில் கூக்கால் ஊருக்குப் போகிற வழியில், சரிவில் எங்கள் வீடு. அடித்த காற்றில் மரத்துக்கு ஒரு பக்கத்து வேர் அறுந்துபோனது. கிளைப் பாரம் முழுக்க எங்கள் வீட்டைப் பார்த்து இருந்தது. அடைமழைக்கு முன்னால் வெட்டியாக வேண்டும். வெட்டினால் வீட்டுப் பக்கம்தான் விழும், கயிறு கட்டித் திருப்ப முடியாது என்று மரம் வெட்டுகிற ஞானவேல் சொல்லிவிட்டான்.

வீடு போனால் கட்டிக்கொள்ளலாம். உள்ளே என் பெண்டாட்டி கித்தேரியம்மாள் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தாள். அசைக்கவே கூடாது என்பது டாக்டர் பேச்சு. அதனால் மரம் வீட்டை எட்டுமா, எட்டாதா என்று தெரிய வேண்டும்.

எங்கள் பக்கம் யாரும் மரத்தில் ஏறி அளப்பதில்லை. மரத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, காலிடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். நுனி தெரிகிற வரை தள்ளித் தள்ளிப் போக வேண்டும். அங்கிருந்து மரத்தடிக்கு எவ்வளவு தூரமோ அதுதான் உயரம்.

ஞானவேல் மேட்டில் ஏறிக் குனிந்தான். எழுபது அடிகூட இல்லை, வீட்டுக்குப் பாதகமில்லை என்றான். நான் அவனை நம்பவில்லை. பள்ளத்துப் பக்கம் நின்று நானே குனிந்தேன். நுனி தெரியவில்லை. இறங்கினேன். வீட்டையும் தாண்டி, பூண்டுக் காட்டுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் மரம் வீட்டை நசுக்கிவிட்டுத்தான் நிற்கும்.

“தலை கீழ போனா ரத்தம் எறங்கிக் கண்ணு மங்குதுண்ணே உங்களுக்கு.”

“ஏலே, உன் கண்ணு வாங்குற கூலிமேல இருக்கு. இங்க வந்து பாரு.”

வந்து பார்த்தான். அவனுக்கும் பூண்டுக் காட்டில்தான் நுனி தெரிந்தது. நான் மேட்டுக்குப் போனேன். எனக்கும் எழுபதுதான். இரண்டு பேரும் பீடி பற்றவைத்தோம்.

கித்தேரியம்மாள் தன் தம்பி மகன் செபாஸ்டினுக்குச் சொல்லி அனுப்பினாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தான். கரும்பலகைக்கு வைக்கிற பெரிய மரக் கோணமானி, நூலில் கட்டிய கல், கோணக் கணக்கு அட்டவணைப் புத்தகம் ஒன்று, இவ்வளவுதான் கையில். வாசலிலிருந்து மரத்தடிக்குக் கயிறு பிடித்தான். நூறடி. பிறகு வாசலில் மல்லாந்து படுத்து, மரத்தடி எத்தனை டிகிரி, நுனி எத்தனை டிகிரி என்று பார்த்தான். படுத்துக்கொண்டு மரம் அளக்கிறவனை அன்றுதான் பார்த்தேன்.

“மாமா, நீங்க குனிஞ்சு பாக்குறதும் இதே கணக்குத்தான். ஆனா அது சமதரைக்குத்தான் சரி. மரமும் தரையும் செங்கோணத்துல நிக்கணும். இங்க தரை சரிஞ்சுல்ல கெடக்கு.”

கரித்துண்டால் சுவரில் முக்கோணம் போட்டான். வாசலிலிருந்து மட்டமாக ஒரு கோடு மலைக்குள்ளே போகிறதாம். அதன் நீளம் புத்தகத்தில் இருக்கிறதாம். மரத்தை அந்தக் கோடு வரை மண்ணுக்குள் நீட்டி, மொத்த உயரத்தைக் கண்டுபிடித்து, நீட்டியதைக் கழிக்க வேண்டுமாம். இல்லாத மரத்தைக் கூட்டினான், பிறகு கழித்தான். எண்பத்தெட்டு அடி. சரிவோடு விழுந்தாலும் வாசலுக்குப் பன்னிரண்டடி மிச்சம் என்றான்.

மண்ணுக்குள் போகிற கோட்டில் நடந்து பார்த்தவன் யார்? இப்போது ஒரே மரத்துக்கு மூன்று உயரம் ஆகிவிட்டது.

கட்டிலோடு தூக்கிப் போய்விடலாம் என்று ஆள் கூப்பிட்டேன். கித்தேரியம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஏற்றின அன்றைக்குப் பட்டதே போதும், செபாஸ்டின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். உங்கள் கணக்குப்படி பூண்டுக் காட்டில் போய் உட்காருங்கள் என்று என்னை விரட்டினாள்.

மறுநாள் வெள்ளனே ஞானவேல் கோடாலி போட்டான். நான் பூண்டுக் காடு வரை போனேன். அவளை உள்ளே விட்டுவிட்டு அங்கே நிற்க முடியவில்லை. எந்தக் கணக்கு சரியென்று தெரியாமலே திரும்பி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். அவள் என் முழங்காலில் கை வைத்தாள்.

மரம் முறிகிற சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. தைல வாடை வீடு முழுக்க நிறைந்தது. அவ்வளவுதான்.

வெளியே போய்ப் பார்த்தேன். வாசலுக்கும் நுனிக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி நிறுத்த இடம் இருந்தது. ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த செபாஸ்டின் கயிறு பிடித்துக் காட்டினான். எண்பத்தெட்டுதான். ஒடிந்துபோன நுனியைச் சேர்த்தாயா என்று கேட்டேன். அதையும் பொறுக்கி வந்து வைத்துக் காட்டினான்.

அப்புறமும் எனக்கு மனசு ஒப்பவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் வாசலில் நின்று, மேட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

திறந்த கதவு வழியாக உள்ளேயிருந்து கித்தேரியம்மாள் குரல் வந்தது.

“மரந்தான் விழுந்துருச்சே, இன்னும் என்னத்தப் பாக்குறீக?”