தட்டில் வைத்த லேப்டாப்

கோகுலகிருஷ்ணனிடம் என்ன பேசுவதென்று தெரியாதவர்கள் எல்லாம் லேப்டாப்பைப் பற்றிப் பேசினார்கள். முப்பத்தொரு வயதில் மனைவியைப் பறிகொடுத்தவனிடம் வேறு எதைப் பேசுவது? ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. அவனோ பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவன். திண்டிவனத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஆகவே கவிதாவின் கருமாதிப் பந்தியிலேயே, ரசத்துக்கும் மோருக்கும் நடுவே ஒருவர் குனிந்து, "தம்பி, ஐ-த்ரீ நல்லதா, ஐ-ஃபைவ் நல்லதா?" என்று துக்கம் விசாரித்தார். ஐ-ஃபைவ் என்றான். அவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மோருக்குக் கை நீட்டினார்.

கவிதா டெங்குவில் போய் வருஷம் முடியப்போகிறது. இத்தனை நாளில் கோகுல் அதிகம் சொன்ன சொல் 'சரி'. சரி என்றால் எதிரே இருப்பவர் போய்விடுகிறார். இந்த வசதியைக் கண்டுபிடித்த பிறகு அவன் வீட்டுக்கு ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினும் இரண்டு இன்சூரன்ஸ் பாலிசியும் ஒரு பெட்டி மூட்டுவலித் தைலமும் வந்து சேர்ந்தன. அவனுக்கு மூட்டுவலி கிடையாது.

ஆவணி பிறந்ததும் விழுப்புரம் பக்கத்துக் கெடார் கிராமத்திலிருந்து மாமனார் பாண்டுரங்கன் போன் செய்தார்.

"மாப்ள, நம்ம கலைக்கு மெட்ராஸ்ல எம்.சி.ஏ. சீட்டு கெடச்சிருக்குதில்ல? லேப்டாப் ஒண்ணு வாங்கணுமாம். வெள்ளிக்கெழம நாள் நல்லாருக்குது. விழுப்புரத்துல தெரிஞ்ச கடை. நீங்க வந்து நின்னாதான் ஆச்சு."

"சரி மாமா."

"எல்லாம் நீங்கதான் பண்ணப்போறீங்க. தலைத் திவசம் முடியட்டும், மத்தத பேசிக்கலாம்."

"சரி மாமா."

மத்தது என்றால் கவிதாவின் நகைகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதையும் அதிக நேரம் நினைக்கவில்லை.

சற்று நேரத்தில் கலைப்பிரியாவிடமிருந்து வாட்ஸப் வந்தது. கவிதாவின் தங்கை. பி.சி.ஏ. முடித்தவள். 'மாமா, வெல கம்மியா ஒண்ணு பாருங்க. ஆனா பதினாறு ஜிபி ரேம் வேணும், எஸ்எஸ்டி வேணும். தெனம் தூக்கிக்கினு போகணும், வெயிட் இருக்கக் கூடாது. கீபோர்டு நல்லா இருக்கணும். கலரு எதுவானாலும் பரவால்ல.' லேப்டாப் பற்றி இதுவரை அவனைக் கேட்டவர்களில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்டவள் இவள் ஒருத்திதான்.

தெரிந்த கடை என்றால், கடைக்காரரின் மச்சானும் பாண்டுரங்கனும் ஒரு வரப்புத் தகராறில் ஒரே பக்கம் சாட்சி சொன்னவர்கள். மிக்சி, கிரைண்டர், டிவி, பீரோ எல்லாம் விற்கும் கடை. லேப்டாப் மாடியில். வெள்ளிக்கிழமை கோகுல் படியேறியபோது பாண்டுரங்கனும் மாமியார் சின்னபொண்ணுவும் பாண்டுரங்கனின் அக்கா வெள்ளையம்மாளும் ஏற்கெனவே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையம்மாள் மடியில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், கதம்பம், இரண்டு சாத்துக்குடி. கலை நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள. ஒங்களுக்கோசரம்தான் ஒக்காந்துக்கினு இருக்கோம்."

விற்பனையாள் பெயர் அலெக்ஸ். ஒரு லேப்டாப்பைக் கைக்குழந்தையை எடுப்பதுபோல் எடுத்துவந்து வைத்தான்.

"இது ஏஐ லேப்டாப் சார்."

"அப்படின்னா?" என்றான் கோகுல்.

"இதோ, ஏஐ பட்டன் சார்."

"அமுக்கினா?"

"இன்டர்நெட் இருந்தா வேல செய்யும் சார்."

சின்னபொண்ணுவுக்குக் கறுப்பு ஆகவில்லை. நல்ல காரியத்துக்குக் கறுப்பா என்றாள். வெள்ளையம்மாள் மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, பீரோக் கதவு மாதிரி கனம் இல்லையே என்று குறைபட்டாள். பாண்டுரங்கன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இருப்பதிலேயே மலிவாக, வெள்ளி நிறத்தில் பளபளத்த ஒன்றின்மேல் கை வைத்தார்.

"எட்டு ஜிபி. இது போதும். இன்னா மாப்ள?"

"எட்டு பத்தாது மாமா. ப்ரோக்ராம் எழுதுற சாப்ட்வேர் ஒண்ணு, பிரௌசர் ஒண்ணு, டேட்டாபேஸ் ஒண்ணுன்னு சேர்த்துத் தொறந்தா திணறும். இதுல ரேம் கூட்டவும் முடியாது. பதினாறா எடுத்தா நாலஞ்சு வருசத்துக்குக் கவல இல்ல."

"நாலஞ்சு வருசம் இன்னாத்துக்கு? படிப்பே ரெண்டு வருசம்தான?"

"அப்புறம் வேலைக்குப் போனாலும் ஆகுமே."

வெள்ளையம்மாள் சிரித்தாள். "வேலைக்காம்! அப்புறம் ஒரே வூட்ல ரெண்டு கம்ப்யூட்டர வெச்சிக்கினு புருசனும் பொண்டாட்டியும் இன்னா பண்றது, ஆளுக்கொரு மூலையில ஒக்காந்து தட்டறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அலெக்ஸும் சிரித்தான். கோகுலுக்கு அது எந்த வீடு என்று புரியவில்லை. கலைக்குப் புரிந்தது. அவள் கடைசி மேசைக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, இந்தக் கீபோர்ட வந்து பாருங்க."

போனான். சாம்பல் நிறத்தில் சாதாரணமாக ஒரு லேப்டாப். பதினாறு ஜிபி. திரையில் நோட்பேடு திறந்திருந்தது. அவள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். விரல் வேகமாக ஓடியது.

'தட்டு எதுக்குன்னு தெரியுமா?'

அவன் வாயைத் திறக்கப்போனான். அவள் கண்ணால் விசைப்பலகையைக் காட்டினாள். அவனும் அடித்தான்.

'பூஜைக்கு?'

'நிச்சயத்துக்கு. நீங்க காசு குடுப்பீங்க. தட்டுல வெச்சி எங்கிட்ட குடுப்பீங்க. நான் வாங்குவேன். அவ்ளோதான், முடிஞ்சிது. தையில கல்யாணம்.'

கோகுல் அதை இரண்டு முறை படித்தான்.

'யாரு சொன்னா?'

'எல்லாரும். கெடாரு பூரா தெரியும். நீங்க சரின்னு சொன்னீங்களாம்.'

சொல்லியிருக்கத்தான் வேண்டும். தண்ணீர் மெஷினுக்குச் சொன்னதுபோல இதற்கும் சொல்லியிருக்கிறான். மனைவி இறந்தால் அவள் தங்கையைக் கட்டிவைப்பது அந்தப் பக்கத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்கிற விஷயம் இல்லை. மறுக்கிறவன்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கோகுல் ஒரு வருஷமாக வாய்விட்டு எதையும் சொல்லவில்லை.

'ஒனக்கு?' என்று அடித்தான்.

'எனக்குப் பதினாறு ஜிபி வேணும்.'

கொஞ்சம் நிறுத்தி மேலும் அடித்தாள். 'நீங்க நல்லவரு. அது வேற. நான் வேணாம்னு சொன்னா படிப்ப நிறுத்திடுவாங்க. நீங்கதான் சொல்லணும். நான் சொன்னதா தெரியக் கூடாது.'

பின்னால் வெள்ளையம்மாளின் குரல் கேட்டது. "பாரேன் சின்னபொண்ணு, ரெண்டும் ஒண்ணா நின்னுக்கினு எப்பிடித் தட்டுதுங்க! ஆண்டவனா பாத்து சேத்தது."

கோகுல் அடித்தான். 'எனக்கும் வேணாம்.' அடித்த பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. ஏதோ ஒன்று வேண்டும், வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியே வெகுநாள் ஆகியிருந்தது.

அலெக்ஸ் வந்தான். கலை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "கீபோர்டு நல்லாருக்குது" என்றாள்.

பாண்டுரங்கன் அதற்குள் வெள்ளி நிறத்தையே முடிவு செய்திருந்தார். பில் யார் பேரில் என்று அலெக்ஸ் கேட்டான். "மாப்ள பேருல போடு" என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். வெள்ளையம்மாள் தட்டில் வெற்றிலையைச் சரிசெய்தாள்.

"பர்ஸ் எடுத்தாரல மாமா" என்றான் கோகுல்.

"போன்ல பண்ணிடலாம் சார்" என்றான் அலெக்ஸ்.

"போன்ல சார்ஜ் இல்ல."

"சார்ஜர் இருக்கு சார். எந்தப் பின்னு?"

"அக்கவுண்ட்ல பணம் இல்ல."

"இ.எம்.ஐ. போட்டுக்கலாம் சார். முன்பணமே வேணாம். ஆதார் நம்பர் மட்டும் சொல்லுங்க, ஜல்தியா முடிச்சிடலாம்."

ஒரு மனிதன் ஒரு பொருளை வாங்காமல் தப்பிக்க இருந்த அத்தனை வழியையும் யாரோ யோசித்து அடைத்து வைத்திருந்தார்கள். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. அதையும் முழுசாகச் சொல்ல முடியாது.

"நான் காசு குடுக்கல மாமா."

பாண்டுரங்கன் விசிறியிலிருந்து இறங்கினார். "இன்னா மாப்ள?"

"ஒங்க பொண்ணு. நீங்கதான் வாங்கித் தரணும். நான் எதுக்குத் தரணும்?"

சுவரில் இருந்த அத்தனை டிவியிலும் ஒரே பெண் ஒரே சமையல் எண்ணெயைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் பேசியது வெள்ளையம்மாள். "ஐயய்யோ, இப்பிடி ஒரு கருமியா! ஒரு பொட்டி வாங்கித் தர வக்கில்ல. கவிதா எப்பிடித்தான் இவங்கூட குப்ப கொட்னாளோ!"

கோகுல் தரையைப் பார்த்தான். கடைக்குள் வந்து இவ்வளவு நேரத்தில் கவிதாவின் பெயர் இப்போதுதான் ஒருவர் வாயில் வந்தது.

"போங்க மாமா, ஒங்கள இன்னாமோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள் கலை உரக்க. நன்றாகத்தான் நடித்தாள். முந்தானை இல்லாத சுடிதாரில் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தது மட்டும் கொஞ்சம் அதிகம்.

பாண்டுரங்கனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "யோவ் அலெக்ஸு, பில்ல எம் பேருல போடு. கொல்லையில வெளஞ்ச மல்லாட்டய வித்த காசு இருக்குது. எம் பொண்ணுக்கு நான் வாங்குவேன். எட்டு வேணாம். இருக்கறதுலயே பெருசு எதுவோ, அத எடு!"

அலெக்ஸ் ஓடிப்போய் எடுத்துவந்தான். கேமிங் லேப்டாப். கறுப்பு. விசைகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையும் தேர் விளக்கு மாதிரி ஓடின. தூக்கும்போதே அலெக்ஸின் முழங்கை இறங்கியது. கலையின் முகமும் இறங்கியது. அவள் கோகுலைப் பார்த்தாள்.

"அதுதான் மாமா நல்லது" என்றான் கோகுல். "அதையே எடுங்க."

பாண்டுரங்கன் சுட்டதுபோல் கையை எடுத்தார். "ஒன் யோசனைய யாரு கேட்டா? நீ சொல்றது ஒண்ணும் எங்களுக்கு வேணாம்." காலையிலிருந்து நீங்கள் என்றவர் படியிறங்கி நீ ஆகியிருந்தார். "கலை, நீ சொல்லு. ஒனக்கு எது வேணும்?"

கலை மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடைசி மேசையைக் காட்டினாள். "அந்தச் சாம்பல் கலரு."

"அது கறுப்பு இல்லியே?" என்றாள் சின்னபொண்ணு.

"இல்லம்மா."

பாண்டுரங்கன் இடுப்புப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். வெள்ளையம்மாள் தட்டை நீட்ட, அதில் லேப்டாப்பை வைத்து மகளிடம் அவரே கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். சூடம் கொளுத்தப்போனபோது அலெக்ஸ் கெஞ்சித் தடுத்தான். புகை பட்டால் மணி அடிக்குமாம்.

கோகுல் முதலில் இறங்கி வெளியே நின்றான். போய்விட்டிருக்கலாம். நின்றான். ரோட்டில் புதுச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நகர்ந்தது. பின்னாலேயே அவர்கள் வந்தார்கள். கலை பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போய் வெயிலில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது.

பாண்டுரங்கன் அவன் முன்னால் நின்றார். "இனிமே ஒனக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்ல. திவசத்துக்கு எங்கள எதிர்பாக்காத. நீயே பண்ணிக்கோ."

இதை அவன் யோசித்திருக்கவில்லை. பில்லில் வராத தொகை இது.

"வரணும் மாமா" என்றான். "என்னயப் பாக்க வேணாம். எங்கூடப் பேசவும் வேணாம். கவிதாவுக்கு நீங்க வரணும்."

பாண்டுரங்கனின் வாய் எதையோ மெல்வதுபோல் அசைந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அக்காவின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். சாத்துக்குடி ஒன்று உருண்டு சாக்கடைக்குள் போனது. வெள்ளையம்மாள் அதற்கும் கோகுலைத்தான் திட்டினாள்.

சின்னபொண்ணு கடைசியாக வந்தாள். கையில் லேப்டாப்போடு இலவசமாகக் கொடுத்த ஹெட்போன். அது எதற்கு என்று தெரியாமல் வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருந்தாள். கணவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று பார்த்துக்கொண்டாள்.

"கவிதாவுக்குப் பூசணிக்கா கூட்டு புடிக்கும்" என்றாள். "அங்க திண்டிவனத்துல நல்லதா கெடைக்காது. நான் இங்கேருந்தே எடுத்தாறேன். நீங்க எலை மட்டும் வாங்கி வைங்க மாப்ள."

"எத்தினி எலை அத்தை?"

அவள் யோசித்தாள். தெருக்கோடியில் பாண்டுரங்கன் நின்று திரும்பி, "வர்றியா இல்லியா?" என்று கத்தினார்.

"அவரையும் சேத்தே வாங்குங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.