நேராகப் போய்ச் சேர்ந்த பெட்டி

மனுஷன் இப்போது பயணத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். சோதனை வாசலில் யாரும் சொல்வதற்கு முன்பே பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிடுவார். எந்த வரிசை நகரும், எந்த அதிகாரி தொணதொணப்பார் என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார். அந்த வெளிநாட்டுப் பழைய நகரத்துக்கு வந்த மறுநாள் காலையிலேயே, கல் பாவிய சந்துகளுக்குள் சம்சாரத்தை வழி கேட்காமல் நடத்திக்கொண்டு போனார். "ஓரமா வாம்மா, கல்லு வழுக்கும்" என்று, தினமும் புழங்குகிற தெரு போல.

ஆபீஸில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'ரசீது' என்று பெயர். பார்சல் கம்பெனியில் காலம் பூராவும் உத்தியோகம். ரசீது இல்லாமல் பெற்ற அப்பனே வந்து நின்றாலும் மூட்டையை இறக்கித் தரமாட்டார். அதே மாதிரி, சரக்கு கைக்கு வராமல் தானும் இடத்தை விட்டு அசையமாட்டார். கம்பெனி வளர்ந்து கப்பல் சரக்கு, விமான சரக்கு என்று போனபிறகு இவரையும் நாடு நாடாக அனுப்ப ஆரம்பித்தார்கள். அப்படித்தான் இந்தச் சாமர்த்தியமெல்லாம் வந்தது.

ஆனால் இந்த ஊருக்கு அவர் முதன்முதலாக வந்தபோது ஒன்றும் தெரியாத ஆள். அவரும் சம்சாரமும் விமானத்தில் ஏறியதே அதுதான் முதல் தடவை. ஒரே மகள், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிற படிப்புக்காக இங்கே வந்து இருந்தாள். மூளைக்காய்ச்சல் என்று காலேஜிலிருந்து போன் வந்தது, உடனே கிளம்பி வாருங்கள் என்று. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இரண்டு பேரும் கிளம்பினார்கள். பெட்டி முழுக்க மகளுக்கு வேண்டியது. அவள் சின்ன வயசிலிருந்து கட்டிக்கொண்டு தூங்குகிற பழைய போர்வையை மேலாக வைத்திருந்தாள் அம்மாக்காரி.

நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். கூட்டம் போன பக்கமே இவர்களும் போனார்கள். பெட்டிகள் சுற்றி வருகிற பட்டை முன்னால் போய் நின்றார்கள். ஊரார் பெட்டியெல்லாம் வந்தது, இவர்கள் பெட்டி வரவில்லை. ரசீது நகர்வாரா? நின்றார். பட்டை நின்றது, வேறு விமானத்துப் பெட்டிகள் வந்து அதுவும் தீர்ந்தது. இவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் கவுன்ட்டரில் இருந்த பெண், இவர் கையிலிருந்த துண்டுச் சீட்டை வாங்கிப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பெட்டியை இங்கே எடுக்க வேண்டியதில்லை, அது நேராக மகள் இருக்கிற ஊருக்கே போகிறது, நீங்கள் ஏற வேண்டிய விமானமும் போய்விட்டது, அடுத்தது நாளைக்குத்தான்.

அவர் திரும்பி வந்து சம்சாரத்திடம் என்ன சொன்னார் தெரியுமா? "நம்ம ஃப்ளைட்டை ரத்து பண்ணிட்டாங்களாம்மா."

மகள் அன்று சாயங்காலம் போய்விட்டாள். அந்த விமானத்தில் ஏறியிருந்தால் மத்தியானமே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். கடைசி வரைக்கும் நினைவோடுதான் இருந்தாளாம், கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாளாம், நர்ஸ் சொன்னாள். போர்வை இருந்த பெட்டி மட்டும் நேரத்துக்கு வந்து விமான நிலையத்தில் கிடந்தது. பெற்றவர்கள் வரவில்லை.

மறுநாள் தங்களோடுதான் பெட்டியும் வந்தது என்று நினைத்த அந்த அம்மாள், அன்றிலிருந்து விமானக் கம்பெனிக்காரனைக் கரித்துக்கொட்டாத நாள் கிடையாது. "அந்தப் படுபாவி விமானத்தை ஓட்டியிருந்தா என் பொண்ணு முகத்தைப் பார்த்திருப்பேன். அவன் விளங்குவானா?" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து இவர் "ஆமாம்மா" என்பார். வேறு என்ன சொல்வார், பாவம். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்து, மென்று விழுங்கினார். தள்ளிப்போடப் போட அது கல்லாக இறுகிவிட்டது.

"அவ நடந்த தெருவுல நானும் ஒரு தடவை நடக்கணுங்க" என்று அவள் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் குளிர் என்பார், விசா என்பார், உன் முழங்காலுக்கு ஆகாது என்பார். "நான் போய்ச் சேர்ந்தப்புறம் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கீங்களா?" என்று அவள் கேட்ட அன்றைக்குத்தான் சரி என்றார்.

சரி என்றாரே ஒழிய, ஒரு சிக்கல் இருந்தது. இடையில் இறங்காமல் வர வழியே இல்லை. இறங்கினால் பெட்டி எங்கே என்று கேட்பாள். அது தானாகவே போகும் என்று சொன்னால், அப்புறம் அன்றைக்கு ஏன் நின்றோம் என்பாள், குட்டு உடைந்துவிடும். மனுஷன் யோசித்து ஒரு காரியம் செய்தார். டிக்கெட்டை இரண்டாகப் பிரித்துப் போட்டார், பாதி வழிக்கு ஒன்று, மீதி வழிக்கு இன்னொன்று. அப்படிப் போட்டால் பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி ஒப்படைத்தே ஆக வேண்டும். இத்தனை வருஷம் கற்றுக்கொண்ட வித்தையை இதற்கா செலவழிப்பது என்று நமக்குத் தோன்றுகிறது. அவருக்கு அவள் முகம்தான் முன்னால் நின்றது.

அந்த விமான நிலையத்தில், அதே பட்டை முன்னால், அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்கதானே அன்னைக்கு நின்னோம்" என்று அழுதாள். பெட்டி வந்தது. அவர் தூக்கிக்கொண்டார்.

இப்போது அவர்கள் மணிக்கூண்டின் அடியில் வரிசையில் நிற்கிறார்கள். மகள் கடைசியாக வேலை பார்த்த கட்டடம் அது. "நீ வந்தா மொதல்ல இது மேலதாம்மா ஏறணும்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அம்மாவின் முகத்தில் வெகு நாளைக்கப்புறம் ஒரு தெளிச்சி இருந்தது. சுவரைத் தடவிப் பார்த்தாள். "இதுல எந்தக் கல்லைத் தொட்டாளோ" என்றாள்.

முன்னால் முதுகுப்பை மாட்டிய ஒரு பெண், நம்ம பாஷைதான், போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. நடுவுல இறங்கினதும் பெட்டியைத் தேடிட்டு நிக்காதீங்க. அது தானா இங்க வந்துடும். நீங்க நேரா அடுத்த ஃப்ளைட்டுக்குப் போயிடணும். அம்மா கேட்டாலும் நிக்கக்கூடாது, சரியா?"

அவர் சம்சாரத்தின் கையைப் பிடித்து இழுத்தார். "வாம்மா, அந்தப் பக்கம் ஒரு காபி சாப்பிட்டு வரலாம்" என்றார். அவள் நகரவில்லை. பெண் போனை வைக்கும் வரை காத்திருந்து கேட்டாள்.

"ஏம்மா, நடுவுல பெட்டியை எடுக்க வேண்டாமா?"

"வேண்டாம் ஆன்ட்டி. ஒரே டிக்கெட்னா நேரா வந்துடும்."

"நாங்க முந்தாநாள்கூட எடுத்தோமே."

"தனித்தனியா போட்டிருப்பீங்க. அப்படின்னா எடுக்கணும். ஆனா யாரும் அப்படிப் போட மாட்டாங்களே, வீண் அலைச்சல்." அந்தப் பெண் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

சம்சாரம் திரும்பி இவரைப் பார்த்தாள். இவர் தரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஃப்ளைட்டு போச்சா?"

"போச்சு."

"பெட்டியும் அதுலதான் போச்சா?"

"ம்."

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் சுவர் ஓரமாக இருந்த படியில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்காரப் போனார், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தெரியாம நின்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை" என்றாள். குரல் உயரவில்லை. "நானும்தானே கூட நின்னேன். போர்வை அதுல இருக்குங்க, விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நானும்தானே சொன்னேன். அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதிருப்போம். நீங்க மட்டும் உள்ள வெச்சுக்கிட்டீங்க. என்னை முகம் தெரியாத எவனையோ திட்ட விட்டுட்டு, பக்கத்துல உக்கார்ந்து ஆமாம்மா ஆமாம்மான்னீங்க."

"உன்னால தாங்க முடியாதுன்னுதாம்மா…"

"சரி, அதைக்கூட விடுங்க. முந்தாநாள் டிக்கெட்டைப் பிரிச்சுப் போட்டு அந்த இடத்துலயே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினீங்களே. உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே. அப்பவும் வாயைத் திறக்கலையே நீங்க."

 அவர் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மகள் செத்தபோது அழாதவர், காரியங்களைப் பார்க்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டவர், ஊர் பேர் தெரியாத கூட்டத்தின் நடுவே குழந்தை மாதிரி விம்மினார். அவள் எழுந்து வந்து கண்ணைத் துடைத்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் எழுந்தாள். வரிசையில் முன்னால் போயிருந்த அந்த முதுகுப்பைப் பெண்ணிடம் போய், "மேல ஏறும்போது என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறியாம்மா, முழங்கால் வலி" என்று கேட்டாள்.

கீழே அவர் ஒற்றையாக நின்றார். எந்த ஊரில் விட்டாலும் வழி கண்டுபிடித்து வந்துவிடுகிற மனுஷனுக்கு, எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்றுகூடத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. 

"திரும்பிப் போறப்ப எனக்கு வேற டிக்கெட் போட்டுடுங்க" என்றாள். "நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அண்ணிகிட்ட பேசிட்டேன்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"தெரியலைங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள், "எனக்கு இதெல்லாம் போடத் தெரியாது. நீங்கதான் போட்டுத் தரணும்" என்றாள்.

அவர் போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பான தேதியை அமுக்கித் திருத்தினார். எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் போன தடவை போட்டபடியே இரண்டு என்று வந்து நின்றது, அதைக் குறைத்தார். ஒரே டிக்கெட்டாக, கடைசி வரைக்கும் சேர்த்தே போட்டார்.

"ஜன்னல் ஓரமா பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

"பாருங்க" என்றாள் அவள்.