அவர் போட்ட பாதை

மறுநாள் காலையில் மகளோடு அவள் ஊருக்கே போய்விட வேண்டும். மூட்டை முடிச்செல்லாம் கட்டியாச்சு. அம்மாவுக்கு மனசுதான் கிளம்பவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு மாசம். முப்பது வருஷம் இருந்த மனுஷன், இந்த ஊரில் அவருக்கு ஒரு அடையாளம் மிச்சம் உண்டா? இந்தக் கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது.

"நம்ம பழைய பாதையை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்டி," என்றாள்.

ஊரா அது! ரோடு மொத்தத்தையும் காருக்கு எழுதிவைத்துவிட்டு, நடக்கிறவனுக்கு ஒரு சாண் இடம் விடாத ஊர். அந்த நாளில் இவர்களுக்கோ கார் கிடையாது. பஸ் ஸ்டாப்புக்கு ரோட்டைச் சுற்றினால் அரைமணி, புல்வெளியில் குறுக்கே விழுந்தால் எட்டு நிமிஷம். அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். தினமும் அவர் முன்னால் புல்லை மிதித்துப் போவார், இவள் பின்னால். தடம் விழுந்ததும், "நான் போட்ட ரோடு!" என்று பீற்றிக்கொள்வார். மகள் வயிற்றில் இருந்தபோது பெய்த மழையில் நடுவழியில் குட்டை தேங்கியது. இவள் வழுக்கிவிடப் போகிறாளே என்று அரைவட்டமாகச் சுற்றி மிதித்து வழி பண்ணினார். குட்டை வற்றியும் கால் பழகிப்போய் அப்படியே சுற்றினார்கள். எப்பேர்ப்பட்ட காலம் அது!

மகள் சின்னவளாக இருக்கும்போதே வேறு பக்கம் வீடு மாறியாச்சு, அப்புறம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. இப்போது மகள் தன் காரை ஓட்டினாள்.

"இங்க திரும்பு!"

"அம்மா, அது படிக்கட்டும்மா!"

காலால் ஊரைக் கற்றவளுக்குக் காருக்கு வழி சொல்லத் தெரியுமா என்ன? பஸ் ஸ்டாப் மூன்று தடவை கண்ணில் பட்டது, மூன்று தடவையும் நிறுத்த இடமில்லை.

"உங்கப்பாவா இருந்தா இந்நேரம் நடந்தே போய்ட்டு வந்திருப்பார்," என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

எங்கோ ஒரு கடை வாசலில் காரைப் போட்டுவிட்டு நடந்தார்கள். வந்து பார்த்தால் புல்வெளியே இல்லை. பூங்கா! பெஞ்சு, பூச்செடி, சிமெண்ட் நடைபாதை. அம்மா வந்த வழியே திரும்பினாள்.

"போச்சு. எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டானுங்க. வா, போலாம்."

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்தார். "என்னம்மா தேடுறீங்க?"

"இங்க ஒரு ஒத்தையடிப் பாதை இருந்துச்சுப்பா."

"அதை ஏன் கேக்குறீங்க! பார்க் கட்டுறப்ப அந்தப் பக்கம் நேரா ஒரு பாதை போட்டாங்க. ஒரு ஜனம் அதுல கால் வைக்கல. எல்லாரும் பழைய தடத்துலயேதான் நடந்தாங்க. சரி, ஒழியுதுன்னு அது மேலயே சிமெண்டைப் போட்டாச்சு. ஆனா எந்தப் புண்ணியவானோ, நடுவுல எதுக்குன்னே தெரியாம வளைச்சு வெச்சிருக்காரு!"

அம்மா திரும்பிப் பார்த்தாள். மேடு பள்ளமில்லாத தரையில் பாதை சும்மா அரைவட்டம் போட்டது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பாதையில் இறங்கி நடந்தாள், பின்னாலேயே மகள்.

வளைவு வந்ததும் மகள் நேராகப் புல்லில் கால் வைத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சுத்தி வாடி. குட்டை இருக்கு."