பானைகள் போட்ட கூட்டம்

மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து புனிதவதி சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் தூக்குச்சட்டி. அது நிறையச் சோறு. எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம். குழம்பு இல்லை, கறி இல்லை, ஒரு துண்டு ஊறுகாய்கூட இல்லை. ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டாள். மெல்ல மெல்ல அது வாய்க்குள் பெருகியதே தவிர, தொண்டையில் இறங்குகிற வழியைக் காணோம்.

அந்த ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் யாரும் தனிச் சாப்பாடு கொண்டுவருவதில்லை. ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்பதுதான் ஏற்பாடு. புனிதவதி ஈஜோக் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எத்தனை பேருக்கானாலும் குழையாமல் வடிப்பாள் என்பதால் சோறு அவள் பங்கு. குழம்போ ரசமோ திலகத்தினுடையது. புஷ்பா சுங்கை புரோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவள், வரும் வழியில் மீன் மலிவு, ஆகவே மீன் அவள் பொறுப்பு. மலாய்க்கார அக்காவான காக் ரொஹானி, பிளாச்சான் என்கிற இறால் விழுதும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் இடித்துக்கொண்டு வருவாள். மற்றவர்கள் கீரை, அப்பளம், பழம் என்று முடிந்ததைக் கொண்டுவருவார்கள். மதியம் சலவை அறைக்குப் பின்னால் பாயை விரித்து, பானைகளை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்தால் கல்யாணப் பந்தி தோற்றுப்போகும்.

பாய் என்றால் கடையில் வாங்கிய பாய் இல்லை. ஆஸ்பத்திரியைச் சுத்தம் செய்கிற வேலை சில வருடங்களுக்கு ஒருமுறை வேறு கம்பெனிக்குக் கைமாறும். கூட்டுகிறவர்கள் அதே ஆட்கள்தான். சட்டையின் நிறம் மட்டும் மாறும். நிறம் மாறிய அன்றைக்கு எல்லாரும் புது ஆளாகிவிடுவார்கள். சம்பளம், வருட லீவு எல்லாம் அடிமட்டத்திலிருந்து தொடங்கும். பழைய சட்டைகளை வீசியெறிய மனம் வராமல் திலகம் தன் தையல் மெஷினில் ஒட்டுப் போட்டுப் பாயாக்கியிருந்தாள். பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று அது வளர்ந்துகொண்டே போனது. இப்போது எல்லாரும் போட்டிருப்பது மெரூன்.

இன்று அந்தப் பாய் விரிக்கப்படவில்லை. காரணம் லோகேஸ்வரன்.

லோகேஸ்வரன் மெரூன் கம்பெனியின் சூப்பர்வைசர். சுங்கை சோவிலிருந்து தினமும் வருகிற பையன், கல்யாணம் ஆகவில்லை. பேச்சுக்குப் பேச்சு 'சிஸ்டம்' என்பான். அடுத்த மாதம் தொழிலாளர் இலாகாவிலிருந்து ஆள் வந்து பெட்டி வைத்து ஓட்டு எடுக்கப்போகிறார்கள். பாதிக்கு மேல் இவர்கள் சேர்ந்திருக்கும் தொழிற்சங்கத்துக்கு விழுந்துவிட்டால் கம்பெனி சங்கத்தோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். அதற்குள் இந்தப் பெண்களைக் கலைத்துவிடும்படி மேலிடத்திலிருந்து அவனுக்கு உத்தரவு. அவன் யோசித்தான். இவர்கள் கூடுவது சாப்பாட்டில். ஆகவே, ஆளுக்கு ஒரு நேரத்தில் சாப்பாட்டு இடைவேளை என்று காலையில் அறிவித்துவிட்டான்.

"இது பேஷண்டுக்காகக்கா. எல்லாரும் ஒரே நேரத்துல போயிட்டா வார்டு காலியா இருக்கு. சிஸ்டம்னு ஒண்ணு வேணும்ல?"

"நேத்து வரைக்கும் அந்தச் சிஸ்டம் எங்க தம்பி போயிருந்துச்சு? எங்க கூட உக்காந்து மீன் தலைய உறிஞ்சிக்கிட்டு இருந்துச்சோ?" என்று கேட்டாள் திலகம். சங்கத்துக்கு இங்கே அவள்தான் தலைவி.

கேட்டு என்ன பயன்? பழக்க தோஷத்தில் எல்லாரும் அவரவர் பானையை மட்டும் தூக்கிக்கொண்டு அவரவர் நேரத்துக்குப் போனார்கள். புனிதவதி வெறும் சோற்றோடு போராடினாள். திலகம் ரசத்தைக் குவளையில் ஊற்றித் தேத்தண்ணி குடிப்பதுபோல் குடித்தாள். காக் ரொஹானி சம்பலைத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் பிஸ்கட்டில் தடவித் தின்று, கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வழிய எமர்ஜென்சிக்குத் திரும்பினாள். யாரோ செத்துவிட்டதாக நினைத்து நர்ஸ் ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னாள். புஷ்பாவின் கதை இன்னும் மோசம். பின்பக்கத் திறந்த படியில் அவள் பொரித்த மீனை விரித்து வைத்திருந்தபோது, வேலி தாண்டி வந்த குரங்கு ஒன்று பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது.

"அதுக்கு எந்த நேரம் இடைவேளைன்னு நம்ம பாஸ்கிட்ட கேக்கணும்" என்றாள் புஷ்பா.

பாஸின் பாடும் அன்று திண்டாட்டம்தான். வேலைக்கு வந்த முதல் வாரத்திலிருந்து அவன் தட்டு இவர்கள் பானையில்தான் நிறைந்துவந்தது. அன்று புனிதவதியிடம் வந்து கொஞ்சம் சோறு வாங்கினான். அதை ஏந்திக்கொண்டு திலகத்தின் இடைவேளை வரைக்கும் காத்திருந்து ரசம் வாங்கினான். புஷ்பாவிடம் போனபோது மீன் கூரைமேல் இருந்தது.

மறுநாள் வழி சொன்னது காக் ரொஹானி. பல வருடம் இவர்களோடு சாப்பிட்டதில் அவளுக்கு ஒரு தினுசான தமிழ் வந்துவிட்டிருந்தது.

"ஆளு ஒண்ணா வரக்கூடாது. பானை வரலாம் என்ன? பானை எல்லாம் பாய்ல வை. நேரம் வந்தா ஆளு வா, எல்லாத்துலயும் கொஞ்சம் எடு, போ. போலே? சரியா?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஒரு நாள் முழுக்க வெறும் சோறும் வெறும் ரசமுமாகக் கிடந்தோமே என்று திலகம் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பாய் மறுபடி விரிந்தது. பானைகள் வட்டமாக உட்கார்ந்தன. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். வந்தவள் அடுத்து வருகிறவளுக்கு நல்ல துண்டு மீனாக ஒதுக்கி மூடிவைப்பாள். யாராவது சோறு குறைவாக எடுத்திருந்தால் உடம்புக்கு என்ன என்று மாடிக்கே போய் விசாரிப்பாள். லோகேஸ்வரன் கதவருகே நின்று பார்த்தான். ஆளே இல்லாத அறையில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பானைகளைக் கலைக்க அவனிடம் சிஸ்டம் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வந்தது. அவனுக்கும் வேலை நிலைக்க வேண்டுமே. ஒரு நாள் காலையில் புனிதவதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க படி ஏறுறத பாத்தா எனக்கே முட்டி வலிக்குது லா. கீழ துணி குடுத்து வாங்குற கவுண்டர் இருக்குல்ல, அதுல உக்காந்துக்குங்க. உருளுற நாற்காலி, தலைக்கு மேல காத்தாடி, எல்லாம் இருக்கு. மாடி பக்கமே போக வேணாம். சங்கத்த விட்டு வந்துட்டேன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க."

புனிதவதி இடது முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"இப்பவே சொல்ல வேணாம்கா. ஒரு வாரம் உக்காந்து பாருங்க."

உட்கார்ந்து பார்த்தாள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும், மிகவும் வேண்டும். அதில் உட்கார்ந்து இடது காலை நீட்டியபோது முட்டிக்குள் எத்தனையோ நாளாகக் குத்திக்கொண்டிருந்தது எழுந்து வெளியே போய்விட்ட மாதிரி இருந்தது. அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. முட்டிக்காக மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் தோழிகளிடம் சொன்னாள். யாரும் குடைந்து கேட்கவில்லை. நல்லதாப் போச்சு என்றாள் திலகம். காக் ரொஹானி அவளை உட்காரவைத்துக் கவுண்டரைச் சுற்றி ஒரு வட்டம் உருட்டிவிட்டாள். அவர்கள் சந்தோஷப்பட்டதுதான் புனிதவதிக்கு உறுத்தியது.

இதே முட்டிக்காகத்தான் போன முறை கம்பெனி மாறியபோது அவளை வேண்டாம் என்றார்கள். எல்லாருக்கும் மெரூன் சட்டை கொடுத்தார்கள், அவளுக்கு இல்லை. வெளியே கார் நிறுத்தும் இடத்தில் அவள் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தபோது மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆரஞ்சுச் சட்டையோடே இறங்கி வந்தார்கள். "அவளுக்கும் ஒரு சட்டை வரட்டும், அப்புறமா நாங்க மாத்துறோம்" என்று திலகம் சொல்லிவிட்டுத் தரையில் பாயை விரித்தாள். மூட்டை மூட்டையாகக் குப்பை வாசலில் தேங்கியது. பொழுது சாய்வதற்குள் சட்டை வந்தது. அளவுதான் மிகவும் பெரிது.

வாரக் கடைசியில் புஷ்பா அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கணுக்கால் செருப்பு வாருக்கு மேல் பொங்கி வழிந்தது.

"இது மூணாவது மாடி துணியாச்சே. நீ எங்க அங்க?"

"உன் மாடியையும் நான்தானே கூட்டுறேன்" என்றாள் புஷ்பா, அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

"புது ஆளு போடலையா?"

"எங்க போட்டானுங்க? நீ சும்மா உக்காரு. முட்டிக்கு நல்லது."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ எந்திரிச்சிருவ."

புனிதவதி எழுந்துவிட்டாள். நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடைபாதை நெடுக நடந்தாள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டு ஊரைக் கூட்டியது. லோகேஸ்வரனின் அறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தம்பி, இத எடுத்துக்குங்க."

"ஏன்கா, நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. நான் உக்காந்தா புஷ்பா கால் வீங்குது. நாளைக்கு அவள உக்கார வச்சா இன்னொருத்தி கால் வீங்கும். முட்டி எல்லாருக்கும்தான் இருக்கு. நான் சங்கத்துலதான் இருப்பேன். ஓட்டு போடுற அன்னிக்கு மொத ஆளா வந்து நிப்பேன், வேணும்னா எழுதிக்குங்க."

லோகேஸ்வரன் நாற்காலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "மேல என்னைத்தான்கா கேப்பாங்க" என்றான் மெதுவாக.

"தெரியும். மத்தியானம் நெத்திலி சம்பல். மறக்காம வாங்க" என்று சொல்லிவிட்டுப் புனிதவதி மோப்பைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். வலித்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே ஏறினாள்.

ஓட்டு நாளில் சொன்னபடி அவள்தான் முதல் ஆள். பெட்டியைத் திறந்து எண்ணியபோது சங்கம் அமோகமாக ஜெயித்திருந்தது. அன்று இடைவேளை, சிஸ்டம் எதையும் யாரும் பார்க்கவில்லை. திலகம் கோழிப் பிரட்டல் கொண்டுவந்திருந்தாள். தோற்ற கட்சியின் லோகேஸ்வரன்தான் அதில் அதிகத் துண்டு தின்றது.

பேச்சுவார்த்தைக்குக் கம்பெனி ஒரு தேதி கொடுத்தது. பிறகு அதைத் தள்ளி இன்னொரு தேதி கொடுத்தது. மூன்றாவது தேதி வருவதற்குள் வேலை வேறு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது.

புதுக் கம்பெனியின் நிறம் வெளிர் நீலம். ஆஸ்பத்திரி மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, சட்டைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, மைக்கில் ஓர் இளம்பெண் "புதிய ஊழியர்களை வரவேற்கிறோம்" என்றாள். திலகம் எழுந்து ஓட்டு எடுத்த விஷயத்தைச் சொன்னாள்.

"அது பழைய கம்பெனியோட முடிஞ்சு போச்சு ஆன்ட்டி. எங்களுக்கு நீங்க எல்லாம் நியூ ஸ்டாஃப்" என்றாள் அந்தப் பெண், நல்ல விதமாகவே.

"அப்ப திரும்ப மொதல்லேர்ந்து ஓட்டு எடுக்கணும். அவ்வளவுதானே?" என்று திலகம் உட்கார்ந்தாள். புனிதவதி புதுச் சட்டையைப் பிரித்து மேலே வைத்துப் பார்த்தாள். இந்த முறையும் மிகவும் பெரிது.

மதியம் லோகேஸ்வரன் வந்தான். நீலக் கம்பெனி தன் சொந்த சூப்பர்வைசரைக் கொண்டுவந்துவிட்டது. மெரூன் கம்பெனியோ அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் துவைத்து மடித்த அவனுடைய மெரூன் சட்டைகள்.

"வீட்டுல வச்சி என்ன பண்றது? உங்களுக்குத் தரை தொடைக்கவாவது ஆகும்னு…" பையைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்: "அக்கா, சூப்பர்வைசருக்கெல்லாம் சங்கம் இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. புனிதவதி நகர்ந்து இடம் விட்டாள்.

"மொதல்ல உக்காந்து சாப்புடு. சோறு ஆறிப்போவுது."

அடுத்த வாரம் விரித்தபோது பாய் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் இவர்களுடைய மெரூன், அதை ஒட்டி லோகேஸ்வரனின் மெரூன். அவன் பெயர் பின்னிய சட்டைப்பையைத் திலகம் பிரிக்காமல் அப்படியே விட்டிருந்தாள். காக் ரொஹானி அதில் கரண்டிகளைச் செருகி வைத்தாள். மூன்று பக்கமும் ஓரம் மடித்து அழுத்தமாகத் தைத்திருந்தது. நாலாவது பக்கம் மட்டும் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இத ஏன்டி விட்டுட்ட?" என்று கேட்டாள் புனிதவதி.

திலகம் தான் போட்டிருந்த வெளிர் நீலச் சட்டையின் நுனியை இழுத்து அந்த ஓரத்தில் வைத்து, நிறம் பொருந்துகிறதா என்று பார்த்தாள்.